ரோட்டரி எஞ்சினின் பக்கத் தகடுகளை வீட்டிலேயே மட்டம் பிடிப்பது

ரோட்டரி எஞ்சினைப் பிரித்துப் போட்டதுமே எதையாவது எடுத்துத் தேய்க்கலாமா என்று கை பரபரக்கும். அதனால் எதைத் தொடக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ரோட்டார் ஹவுசிங்கின், அதாவது முக்கோண ரோட்டார் சுழலும் கூட்டின், உள்சுவர். அலுமினிய உடலுக்குள் எஃகுத் தகடு, அதன்மேல் மெல்லிய குரோம் பூச்சு. ரோட்டாரின் முனைகளில் உள்ள ஏபெக்ஸ் சீல் ஓடுவது அந்தப் பூச்சின் மேல்தான். ஓரத்தில் குரோம் உரிந்திருந்தால் எமரி பேப்பரால் ஒன்றும் ஆகாது, உரிசல்தான் பெரிதாகும். கரியை மட்டும் கரைத்துத் துடைத்துவிட்டு அதை எடுத்து வைத்துவிடுங்கள்.

கையால் சரிசெய்யக்கூடியவை ஹவுசிங்கை இரு பக்கமும் மூடும் காஸ்ட் அயர்ன் பக்கத் தகடுகள்: முன், நடு, பின் என்று மூன்று. நான் மல்லுக்கட்டுவது மாஸ்டாவின் இரண்டு ரோட்டார் கொண்ட 13பி எஞ்சினோடு, அதனால் கீழே வரும் அளவுகள் அதற்கானவை.

அளந்து பார்க்காமல் ஆரம்பிக்காதீர்கள். ஸ்ட்ரெயிட் எட்ஜை (நேர்விளிம்புச் சட்டம்) தகட்டின் மேல் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, அடியில் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்துப் பாருங்கள். 0.04 மி.மீ.க்கு மேல் நெளிவு இருக்கக் கூடாது. அடுத்தது படித் தேய்மானம். ரோட்டாரின் பக்கத்தில் உள்ள சைடு சீல் ஓடிய தடம் பள்ளமாகி, ஓடாத இடம் மேடாக நிற்கும். விரல் நகத்தை மெதுவாக இழுத்தாலே தட்டும், ஸ்பார்க் பிளக் பக்கத்தில் இன்னும் நன்றாகத் தெரியும். டயல் கேஜில் அது 0.10 மி.மீ.யைத் தாண்டினால் தகட்டை அப்படியே போடக் கூடாது என்பது கம்பெனிக் கணக்கு. என் கணக்கு வேறு: 0.05-க்குள் இருந்தால் கையால் தேய்ப்பேன், அதற்கு மேல் என்றால் மெஷினுக்கு அனுப்பிவிடுவேன். பள்ளத்தின் ஆழத்துக்கு முகம் முழுவதையும் இறக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். அவ்வளவு இரும்பைக் கையால் இறக்கும்போது தோள் களைத்துவிடும், களைத்த கை ஒருபக்கமாகச் சாய்ந்து தேய்க்கும்.

தகட்டைத் தேய்த்தால் ரோட்டாரின் பக்க இடைவெளி மாறிவிடுமே என்று பலர் பயப்படுகிறார்கள். மாறாது. அந்த இடைவெளி 80 மி.மீ. அகல ரோட்டார் ஹவுசிங்குக்கும் ரோட்டாரின் அகலத்துக்கும் உள்ள வித்தியாசம். தகடு இரண்டு பக்கமும் நிற்கும் சுவர் மட்டுமே. உண்மையில் கவலைப்பட வேண்டிய விஷயங்கள் வேறு இரண்டு. நைட்ரைடு செய்த, அதாவது நைட்ரஜன் ஏற்றி மேல்தோலைக் கடினமாக்கிய, தகடாக இருந்தால், தேய்க்கத் தேய்க்க அந்தக் கடினமான மேல்தோல் போய்விடும், அப்புறம் தகடு சீக்கிரமே தேயும். நீண்ட நாள் ஓட வேண்டிய எஞ்சின் என்றால் மறுபடி நைட்ரைடு செய்யக் கொடுப்பது நல்லது. இன்னொன்று, 1986-க்குப் பிந்தைய 13பி-யில் தண்ணீர் சீலின் பள்ளம் தகட்டிலேயே இருக்கிறது. நீங்கள் இறக்கும் அளவுக்கு அந்தப் பள்ளமும் ஆழம் குறையும். அதன் சுவர் ஏற்கெனவே அரித்து உடைந்திருந்தால் அந்தத் தகட்டில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

சரி, வேலைக்கு வருவோம். முன், பின் தகடுகளில் உள்ள ஸ்டேஷனரி கியரை (சுழலாமல் நிற்கும் பல்சக்கரம்) கழற்றுங்கள். தகடுகளை இடம் பிசகாமல் பொருத்தும் டவல் பின்களையும் எடுத்துவிடுங்கள். முகத்துக்கு மேல் எதுவும் துருத்தக் கூடாது. துளைகளின் விளிம்பில் பிசிறு இருந்தால் வழித்துவிடுங்கள். கிரானைட் சர்ஃபேஸ் பிளேட் இருந்தால் நல்லது. இல்லையென்றால் தடிமனான ஃபுளோட் கண்ணாடி போதும், ஆனால் அடியில் முழுவதுமாகத் தாங்கல் வேண்டும், இல்லாவிட்டால் தகட்டின் கனத்தில் கண்ணாடி தொய்யும். எமரி பேப்பரைத் தகட்டைவிட அகலமான ரோலாக வாங்குங்கள். சின்னத் தாள்களை ஒட்டிப் போட்டால் ஒவ்வொரு இணைப்பும் ஒரு கோடு போடும்.

தகட்டின் முகத்தில் மார்க்கர் பேனாவால் கட்டம் கட்டமாகக் கோடு போடுங்கள். 220 நம்பர் எமரி பேப்பரைக் கண்ணாடியில் நீர் தெளித்து ஒட்டி, தகட்டைக் குப்புற வைத்து, எட்டு வடிவத்தில் நகர்த்துங்கள். அழுத்தவே வேண்டாம், தகட்டின் கனமே போதும். அழுத்தினால் கை ஆடும், ஆடினால் ஓரம் அதிகமாகத் தேய்ந்து நடு உப்பிவிடும். சில சுற்றுக்கு ஒருமுறை தகட்டைக் கால் வட்டம் திருப்புங்கள். பின் தகட்டில் ஆயில் ஃபில்டர் உட்காரும் பக்கம் கனம் கூடுதல், திருப்பாமல் விட்டால் அந்தப் பக்கம் மட்டும் இறங்கும்.

கொஞ்ச நேரத்தில் தூக்கிப் பாருங்கள். மேட்டில் மை போயிருக்கும், சீல் ஓடிய தடத்தில் மட்டும் கோடுகள் பளிச்சென்று நிற்கும். அந்தத் தடம் கொஞ்சம் கொஞ்சமாக ஒடுங்கி, கடைசியில் பிளக் பக்கம் ஒரு பிறை போல மிஞ்சும். அதை மட்டும் தனியாகத் தேய்த்து அழிக்கலாமே என்று தோன்றும். கூடாது, அது பள்ளம். சுற்றியிருப்பது இறங்கினால்தான் அது மறையும். பேப்பரில் சேரும் கருஞ்சேற்றை அடிக்கடி கழுவிவிடுங்கள். கடைசிப் பிறையும் போனபின் 320, அப்புறம் 400. அதற்கு மேல் பளபளப்பாக்க வேண்டாம், மெல்லிய கீறல்கள் இருந்தால்தான் எண்ணெய் பிடிக்கும். மறுபடி ஸ்ட்ரெயிட் எட்ஜ் வைத்து அளந்துவிடுங்கள். நடுத் தகட்டுக்கு இரண்டு முகம் என்பதால் வேலையும் இரட்டிப்பு.

கழுவுவதில் அவசரப்படாதீர்கள். எமரித் தூள் ஒரு சிட்டிகை ஆயில் வழியில் தங்கினாலும் பேரிங் போய்விடும். சுடுநீர், சோப்பு, நைலான் பிரஷ் கொண்டு ஒவ்வொரு துளையையும் தேய்த்து, காற்று அடித்து, வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணி வெள்ளையாகவே வரும் வரை மறுபடி மறுபடி கழுவ வேண்டியதுதான். ஈரம் காய்ந்த உடனே எண்ணெய் தடவுங்கள், புதிதாகத் தேய்த்த காஸ்ட் அயர்ன் கண் முன்னாலேயே துருப்பிடிக்கும்.

புதிய முகத்தில் பழைய சைடு சீலைப் போட வேண்டாம். புது சீலை அதன் பள்ளத்தில் வைத்து, ரோட்டாரின் மூலையில் உள்ள கார்னர் சீலுக்கும் அதற்கும் நடுவே ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். 0.05 முதல் 0.15 மி.மீ. வரை இருக்கலாம். நான் 0.05 பக்கமாகவே நிற்பேன். இடைவெளி போதாவிட்டால் ஒரு முனையை மட்டும், கார்னர் சீலின் வளைவுக்கு ஏற்ப, மெல்லிய அரத்தால் ஓரிரு இழுப்பு. பிறகு வைத்துப் பார்த்து, மறுபடி இழுப்பு. ஒவ்வொரு சீலும் அது பொருந்திய பள்ளத்துக்கே உரியது, அதனால் எந்த ரோட்டார், எந்தப் பக்கம், எந்த மூலை என்று எழுதித் தனித்தனி உறையில் போட்டு வையுங்கள்.