அன்டார்க்டிகாவின் மாஸ் தாவரங்கள்: பரவல் வரைபடம் வரைவது எப்படி?

அன்டார்க்டிகாவில் இயற்கையாக வளரும் பூக்கும் தாவரங்கள் இரண்டே இனங்கள்தான். பாறையிலும் மண்ணிலும் ஒட்டிப் படரும், பூக்காத சிறு தாவரங்களான மாஸ் தாவரங்களோ நூற்றுக்கும் மேல். அவை எங்கே வளர்கின்றன என்பதை வீட்டுக் கணினியிலேயே வரைபடமாக்கலாம். உலகெங்குமுள்ள உயிரினப் பதிவுகளைத் தொகுக்கும் ஜிபிஃப் (GBIF) தளத்தில் ஒரு கணக்கும், வரைபடம் வரையும் க்யூஜிஐஎஸ் (QGIS) மென்பொருளும் போதும், இரண்டும் இலவசம்.

படி 1: இனத்தைத் தேர்ந்தெடுங்கள்

எல்லா இனங்களையும் ஒரேயடியாக அள்ளினால் குழப்பம்தான் மிஞ்சும். செரடோடான் பர்பூரியஸ், ஷிஸ்டிடியம் அன்டார்க்டிசி ஆகிய இரண்டோடு தொடங்குங்கள். முன்னது உலகெங்கும் காணப்படுவது. பின்னது அன்டார்க்டிகப் பகுதிக்கே உரியது. இந்த முரண்தான் வரைபடத்துக்குச் சுவை.

படி 2: பதிவுகளை இறக்குங்கள்

அருங்காட்சியகங்களும் ஆய்வாளர்களும் சேர்த்த பதிவுகளை ஜிபிஃப் ஒரே இடத்தில் தருகிறது. இனத்தின் பெயரைத் தேடி, ஆயத்தொலைவு (அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள்) உள்ள பதிவுகளை மட்டும் வடிகட்டி, 60 டிகிரி தென் அட்சரேகைக்குத் தெற்கே எல்லை வகுத்து, ‘சிம்பிள்’ (எளிய) வகைக் கோப்பைப் பதிவிறக்குங்கள். பெயர் சி.எஸ்.வி என்று முடிந்தாலும் உள்ளே பிரிப்பது காற்புள்ளி அல்ல, டேப். க்யூஜிஐஎஸ்ஸில் சேர்க்கும்போது டேப் என்றே தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் எல்லாம் ஒரே நெடுவரிசையில் வந்து விழும்.

படி 3: களையெடுங்கள்

பலரும் தாண்டிப் போகிற படி இது; என்னைக் கேட்டால் பாதி வேலையே இதுதான். பழைய உலர்தாவர மாதிரிகளில் இடத்தை முழு டிகிரியாகவே குறித்திருப்பதுண்டு. ஒரு டிகிரி அட்சரேகை என்பது ஏறத்தாழ 111 கி.மீ. தீர்க்கரேகை துருவத்தை நோக்கிக் குறுகிக்கொண்டே போகும். 77 டிகிரி தெற்கில் அது சுமார் 25 கி.மீ.தான். ஆகவே கரையோரப் பாறையில் சேகரித்த மாஸ், வரைபடத்தில் நடுக்கடலில் மிதக்கலாம். பிழை அளவைக் காட்டும் நெடுவரிசையைப் பார்த்து, மிகப் பெரிய எண் உள்ளவற்றை நீக்குங்கள். அது காலியாக இருந்தால் துல்லியம் என்று பொருளல்ல. யாரும் குறிக்கவில்லை, அவ்வளவே. ஒரே தாவர மாதிரி இரண்டு முறை பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

படி 4: வரைபட வீழலை மாற்றுங்கள்

வீழல் என்பது உருண்டையான பூமியைத் தட்டையாக வரையும் முறை. இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் மெர்கேட்டர் வீழல் துருவத்தருகே நிலத்தை இழுத்து விரித்துவிடும். துருவத்தைக் காட்டவே காட்டாது. இத்தகைய முறைகளுக்கு இ.பி.எஸ்.ஜி (EPSG) என்ற பட்டியலில் எண்கள் உண்டு. புள்ளிகளை அதில் சாதாரண அட்சரேகை, தீர்க்கரேகைக்கான 4326 என்ற எண்ணில் ஏற்றி, திட்டத்தின் வீழலை மட்டும் இ.பி.எஸ்.ஜி 3031க்கு மாற்றுங்கள். கண்டம் வட்டமாக, துருவம் நடுவில் வரும். கரையோரம், பாறை போன்ற அடிப்படை அடுக்குகளுக்கு நார்வே துருவ ஆய்வு நிறுவனத்தின் குவான்டார்க்டிகா தொகுப்பு கைகொடுக்கும்.

படி 5: வெற்றிடத்தைப் படியுங்கள்

புள்ளிகள் ஆய்வு நிலையங்களை ஒட்டியே குவிந்திருக்கும். ஆஸ்திரேலியாவின் கேசி ஆய்வு நிலையத்தருகே உள்ள விண்ட்மில் தீவுகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டு இனங்களும் அங்கே உண்டு. அங்கே மாஸ் செழிக்கிறது என்பதும் உண்மை; மனிதர்கள் அங்கே அடிக்கடி நடக்கிறார்கள் என்பதும் உண்மை. இரண்டையும் பிரிக்க, பனியற்ற பாறைகளின் அடுக்கைப் புள்ளிகளுக்கு அடியில் வையுங்கள். கண்டத்தில் அத்தகைய நிலம் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. பனிப்பரப்பின் மேலுள்ள வெற்றிடம் இயல்பானது. பாறை இருந்தும் புள்ளி இல்லாத இடத்தை “மாஸ் இல்லை” என்று எழுதாமல் “பதிவு இல்லை” என்று வேறு நிறத்தில் குறியுங்கள்.

வடதுருவத்துக்கும் இதே வழிதான். வீழல் எண் 3995.