தேசிய மரபுப் பட்டியலில் உள்ள இடத்தைப் பழுதுபார்க்க அரசு மானியம்: ஆஸ்திரேலியாவில் முதன்முறை விண்ணப்பிப்பவர்களுக்கு

நீங்கள் கவனித்துக்கொள்ளும் பழைய கட்டடத்தின் சுவர் உதிர்கிறது, சங்கத்தின் கையிலோ பணம் இல்லை. மத்திய அரசின் மானியம் கேட்கலாம் என்று யாரோ சொல்கிறார்கள். சரி, எங்கே தொடங்குவது?

முதலில் பட்டியலைப் பாருங்கள்

ஆஸ்திரேலியாவில் மரபுப் பட்டியல்கள் பல உண்டு. மாநிலங்களுக்குத் தனிப் பதிவேடுகள், நகரசபைகளுக்குத் தனிப் பட்டியல்கள். மத்திய அரசின் கையில் உள்ள இடங்களுக்குக் காமன்வெல்த் மரபுப் பட்டியல். நாட்டுக்கே முக்கியமான இடங்களுக்கு 2004இல் நடைமுறைக்கு வந்த தேசிய மரபுப் பட்டியல். ஆஸ்திரேலிய மரபு மானியத் திட்டம் இந்தக் கடைசிப் பட்டியலில் உள்ள இடங்களுக்கானது. மாநிலப் பதிவேட்டில் மட்டும் இருக்கும் இடத்துக்கு அந்த மாநிலத்தின் உதவித் திட்டங்களைத் தேடுங்கள்.

மத்திய அரசின் மரபுத் தரவுத்தளத்தில் இடத்தின் பெயரைத் தட்டினால் அதன் பதிவு கிடைக்கும். எல்லையையும் கவனியுங்கள். உங்கள் கட்டடம் பட்டியலிட்ட எல்லைக்கு வெளியே நின்றால் பிரச்சினைதான்.

மரபு மதிப்பைக் கண்டுபிடியுங்கள்

விண்ணப்பத்தின் உயிரே இதில்தான் இருக்கிறது. அந்த இடம் எதற்காகப் பட்டியலில் சேர்ந்தது என்பதை ஒன்பது அளவுகோல்களை வைத்துப் பதிவில் எழுதியிருப்பார்கள். 2004இல் சேர்ந்த விக்டோரியாவின் பட்ஜ் பிம் நிலப்பரப்பில் போற்றப்படுவது மாளிகை எதுவும் இல்லை. அங்குள்ள முதற்குடியினரான குண்டிட்ஜ்மாரா மக்கள் விலாங்கு மீன் வளர்க்கவும் பிடிக்கவும் எரிமலைக் கல்லால் அமைத்த வாய்க்கால்களும் தடுப்பணைகளும்தான். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமாண்டில் சிறை என்றால், கைதிகளே சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்துக் கட்டிய வரலாறு.

ஆகவே “கூரை ஒழுகுகிறது” என்று மட்டும் எழுதாதீர்கள். அந்த ஒழுகலால் பதிவில் உள்ள எந்த மதிப்பு அழிகிறது, உங்கள் வேலை அதை எப்படிக் காக்கும் என்று எழுதுங்கள். மானியம் அந்த மதிப்பைக் காப்பதற்காகத்தான்.

சரியான வேலையைத் தேர்ந்தெடுங்கள்

நல்லெண்ணத்தோடு செய்த பழுதுபார்ப்பே கட்டடத்தைக் கெடுப்பதுண்டு. பழைய கல் சுவரில் ஓதம் ஏறுகிறது என்று சிமெண்ட் பூசினால், உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் மென்மையான கல்லுக்குள் தங்கிவிடும். அதிலுள்ள உப்பு அங்கேயே படிகமாகிக் கல்லைப் பொரித்து உதிர்க்கும். சுண்ணாம்புக் காரை அப்படியில்லை: ஈரத்தை வெளியே விடும், கல்லுக்குப் பதிலாகத் தான் தேயும், தேய்ந்தால் மறுபடி பூசிக்கொள்ளலாம்.

எனவே மரபுக் கட்டடங்களில் அனுபவமுள்ள நிபுணர் ஒருவரை அழைத்து, பழுதையும் அதன் காரணத்தையும் அறிக்கையாக வாங்குங்கள். இந்தச் செலவை மிச்சம் பிடிக்க வேண்டாம் என்பேன். தென் ஆஸ்திரேலியாவின் பர்ரா ஊரில் 1979இல் ஏற்கப்பட்ட, மரபு இடங்களைப் பேணும் நெறிகளைச் சொல்லும் பர்ரா சாசனத்தைத்தான் இத்துறையினர் பின்பற்றுகிறார்கள்: தேவையான அளவு செய், முடிந்தவரை குறைவாக மாற்று. உங்கள் திட்டமும் அதற்கு இணங்க இருக்கட்டும். அப்புறம் அந்த அறிக்கையைக் காட்டியே கொட்டேஷன் வாங்குங்கள்.

அனுமதிகள்

இடம் உங்களுடையது இல்லையென்றால் உரிமையாளரின் எழுத்துமூலமான ஒப்புதல் வேண்டும். முதற்குடி மக்களின் நிலமானால் திட்டம் போடும் முன்பே அவர்களிடம் பேசுங்கள். மரபு மதிப்பைப் பெரிதாகப் பாதிக்கக்கூடிய வேலைக்கு 1999ஆம் ஆண்டின் மத்திய சுற்றுச்சூழல் சட்டப்படி ஒப்புதல் தேவைப்படும். மாநில அனுமதி தனி.

விண்ணப்பம்

மத்திய அரசின் மானிய அறிவிப்புகள் ‘கிராண்ட்கனெக்ட்’ தளத்தில் வெளியாகும். பதிவு செய்தால் மின்னஞ்சல் வரும். தொகை, தகுதி, கடைசித் தேதி எல்லாம் அந்தந்த மானியச் சுற்றின் வழிகாட்டியில் இருக்கும். போன சுற்றின் வழிகாட்டியை நம்பாதீர்கள்.

மானிய ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் வேலையைத் தொடங்கிவிட வேண்டாம், முன்பே செய்த செலவைப் பொதுவாகத் தர மாட்டார்கள். சாரம் கட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு சுவரையும் படம் எடுத்து, நின்ற இடத்தைக் குறித்துவையுங்கள். வேலை முடிந்ததும் அதே இடத்தில் நின்று எடுக்கும் படம் இறுதி அறிக்கைக்கு உதவும்.