எம்.ஜி.பி. காரைப் பிரித்துக் கட்டிப் பந்தயத்துக்கு இறக்குவது எப்படி

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான எம்.ஜி.பி.யை வாங்கி இங்கிலாந்தில் கிளப் பந்தயம் ஓட்ட நினைப்பவர்கள் பலர் முதலில் ஆர்டர் செய்வது, வால்வுகளைக் கூடுதலாகத் திறந்து குதிரைத்திறனை ஏற்றும் 'ஹாட்' கேம் ஷாஃப்ட். அது கடைசியாக வாங்க வேண்டிய பொருள். எம்.ஜி. கம்பெனியின் ஆபிங்டன் தொழிற்சாலை தயார் செய்த எம்.ஜி.பி.க்கள் 1963, 1964, 1965 என மூன்று ஆண்டுகள் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் இறங்கி மூன்றிலும் முடித்தன: 12-ஆம், 19-ஆம், 11-ஆம் இடங்கள். 1963-இல் கார் மணலில் புதைந்து, டிரைவர் ஒரு மணி நேரத்துக்கும் மேல் தோண்டி எடுத்த பிறகும் 12-ஆவது! வேகத்தால் வந்த இடம் இல்லை, உடையாமல் ஓடியதால் வந்தது. அதனால் செலவை இந்த வரிசையில் வையுங்கள்: பாடி, பாதுகாப்பு, பிரேக், ஆயில், சஸ்பென்ஷன். மிச்சம் இருந்தால் குதிரைத்திறன்.

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் எந்த வகுப்பில் ஓட்டப்போகிறீர்கள் என்று முடிவு செய்து அதன் விதிப் புத்தகத்தை வரிக்கு வரி படியுங்கள். எம்.ஜி. கார் கிளப் நடத்தும் போட்டிகளில் ஒரு விதி இருக்கும். 1966-க்கு முந்தைய கார்களுக்கு, உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.யின் பின்னிணைப்பு 'கே'-யில் வேறு விதி. ஓரிடத்தில் அனுமதிக்கும் டெலஸ்கோபிக் டேம்பர் (குழாய் வடிவ ஷாக் அப்சார்பர்) இன்னோரிடத்தில் காரைத் தகுதிநீக்கம் செய்துவிடும்.

கார் தேர்வில் ஒரு விஷயம். 1964 கடைசி வரை வந்த 1798 சிசி எஞ்சினில் கிராங்க் ஷாஃப்டைத் தாங்க மூன்று மெயின் பேரிங். அதற்குப் பிறகு ஐந்து. வகுப்பு அனுமதித்தால் ஐந்து பேரிங் எஞ்சினையே எடுங்கள். 1974 இறுதியில் வந்த ரப்பர் பம்பர் கார்களில் உயரத்தைக் கூட்டிவிட்டார்கள். அதை இறக்கிச் சரிசெய்வதற்குள் கையிருப்பு கரையும். கார் முழுக்க அங்குல அளவு நட்டு போல்ட்தான், மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டு முனையை மழுங்கடிக்க வேண்டாம்.

துரு: ஒளிந்திருக்கும் இடம்

இந்தக் காருக்குத் தனி சேசிஸ் கிடையாது. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் 'சில்' என்ற தகட்டுப் பெட்டிதான் காரின் முதுகெலும்பு. வெளியே தெரியும் தகடு அதில் ஒரு பகுதி மட்டுமே. உள்ளே செங்குத்தாக நிற்கும் தகடு, அடியில் நீளவாக்கில் ஓடும் ரெயில், தரையோடு சேரும் உள்பக்கம் எல்லாம் சேர்ந்துதான் பெட்டியாகிறது. பழைய காரில் அடிக்கடி காணும் மோசடி, அரித்த சில்லின் மேலேயே புதுத் தகட்டை ஒட்டிப் பெயிண்ட் அடிப்பது. கண்டுபிடிக்க ஸ்க்ரூடிரைவரும் காந்தமும் போதும். ஜாக் வைக்கும் இடத்தில் கார் தூக்கும்போது கதவு இடைவெளி மாறினால் உள்தகடு போய்விட்டது என்று பொருள். கதவைத் திறந்து, ஜாக்கால் மெதுவாகத் தூக்கி, மூடிப் பாருங்கள். பூட்டு உரசினால் விலையைக் குறையுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

சில்லை வெட்டும் முன் கதவுத் திறப்பில் கீல் தூணுக்கும் பூட்டுத் தூணுக்கும் இடையே சதுரக் குழாயை வெல்டு செய்து இறுக்கிப் பிடியுங்கள். ரோட்ஸ்டரில் கூரை இல்லாததால் இந்தக் குழாய் இல்லாமல் வெட்டினால் பாடி நடுவில் தொய்யும், பிறகு எந்தக் கதவும் சேராது. கதவு மாட்டியிருக்கும்போதே இடைவெளியை நான்கு இடங்களில் அளந்து எழுதி வையுங்கள். கார் நான்கு மூலையிலும் சமமாகத் தாங்கியிருக்க வேண்டும். ஒரு பக்கத்தை முழுதாக முடித்த பிறகே மறுபக்கம். முன் மட்கார்டின் அடிமூலையும் பின் மட்கார்டின் அடிமூலையும் சில்லை மறைத்திருக்கும், அவற்றையும் வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டாமல் முடித்துத் தருகிறேன் என்று சொல்பவரிடம் காரை விடாதீர்கள். வெல்டிங்கை ஓரிடத்தில் நீளமாக இழுக்காமல் இடம் மாற்றி மாற்றிப் புள்ளி வையுங்கள், தகடு சூட்டில் நெளியாது. முடித்த பிறகு உள்ளே துருவைத் தடுக்கும் கேவிட்டி வேக்ஸ் பீய்ச்ச மறக்காதீர்கள்.

ரோல் கேஜ் (கார் கவிழ்ந்தால் டிரைவரைக் காக்கும் குழாய்க் கூண்டு) மாட்டுவது இந்த வேலைகளுக்குப் பிறகுதான். போல்ட் போடும் கேஜின் ஒவ்வொரு காலுக்கும் எஃப்.ஐ.ஏ. கேட்பது 3 மிமீ தடிமனும் குறைந்தது 120 சதுர செ.மீ. பரப்பும் உள்ள பலப்படுத்தும் தகடு, எம்8 அளவில் 8.8 தரத்தில் குறைந்தது மூன்று போல்ட். துருப்பிடித்த தரையில் இதைப் போட்டால் விபத்தில் கேஜ் தரையைக் கிழித்துக்கொண்டு கீழே போய்விடும்.

எஞ்சின்

எம்.ஜி.பி.யின் பி-சீரிஸ் எஞ்சின் இரும்புக் கட்டி. இரண்டு பேர் சேர்ந்தும் தூக்க முடியாத கனம், கிரேன் வாடகைக்கு எடுங்கள். பிரித்ததும் ஹெட்டைக் கழுவி விரிசல் சோதனைக்கு அனுப்புங்கள். நடுவில் 2-ஆவது, 3-ஆவது சிலிண்டர்களுக்கு எக்ஸாஸ்ட் ஒரே வழி என்பதால் சூடு அங்கே குவியும். வால்வு சீட்டுகளுக்கு இடையே விரிசல் வருவது இந்த ஹெட்டின் பிறவிக் குறை. விரிசல் விட்ட ஹெட்டில் போர்ட்டிங் (காற்று வழிகளைச் செதுக்கிச் சீராக்குவது) செய்யக் காசைப் போடுவது வீண்.

போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 80.26 மிமீ. ரீபோருக்கு லேத் பட்டறைக்குக் கொடுக்கும் முன் பிஸ்டனைக் கையில் வாங்கி வைத்திருங்கள், அந்தப் பிஸ்டனை அளந்துதான் போர் அடிக்க வேண்டும். பந்தய ஓட்டத்துக்கு ரிங் வாய் இடைவெளி 0.30 முதல் 0.35 மிமீ வரை இருக்கட்டும். அதைவிட நெருக்கமாக விட்டால் சூட்டில் முனைகள் முட்டி ரிங் உடையும். கிராங்க் எண்ட் ஃப்ளோட் (நீளவாக்கில் முன்பின் அசைவு) 0.10 முதல் 0.13 மிமீ. கிராங்க், ஃப்ளைவீல், கிளட்ச் கவர் மூன்றையும் சேர்த்தே பேலன்ஸ் செய்யுங்கள். பழைய கனெக்டிங் ராடோடு நிமிடத்துக்கு 6,500 சுற்றுக்கு மேல் போகாதீர்கள்.

ஹெட் நட்டுகளுக்கு 45–50 பவுண்டு-அடி முறுக்கு, நடுவிலிருந்து வெளியே, மூன்று கட்டமாக. வால்வுகளை அழுத்தும் ராக்கர்களின் தாங்கிகளில் உள்ள நான்கு பெரிய நட்டுகளும் ஹெட்டைப் பிடிப்பவைதான். ராக்கரைக் கழற்றும்போது அவற்றை மட்டும் தளர்த்தினால் ஹெட் ஒரு பக்கமாக இழுத்து கேஸ்கெட் போகும். எல்லா ஹெட் நட்டுகளையும் சேர்த்துத் தளர்த்துங்கள். டாப்பெட் இடைவெளி (ராக்கருக்கும் வால்வுக்கும் இடையே) மாற்றாத அசல் கேமுக்கு குளிர் நிலையில் 0.015 அங்குலம். ஒன்பது கணக்கு கைகொடுக்கும்: 8-ஆவது வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது 1-ஐச் சரிசெய்யுங்கள், 6 திறந்தால் 3. கூட்டினால் எப்போதும் ஒன்பது.

ஆயில் பம்பைக் காய்ந்த நிலையில் மாட்டாதீர்கள், அதன் ரோட்டரில் ஆயில் தடவுங்கள். பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் அழுத்த மானியின் முள் எழும்பும் வரை ஸ்டார்ட்டரால் சுற்றுங்கள். எஞ்சின் பிடித்தவுடன் ஐடிலில் விடக் கூடாது. 2,000–2,500 சுற்றில் 20 நிமிடம் ஓட வேண்டும். ஐடிலில் கேம் லோபுக்கு (வால்வைத் தள்ளும் மேடு) ஆயில் தெறிப்பு போதாது, முதல் பத்து நிமிடத்திலேயே தட்டை டாப்பெட் லோபைத் தின்றுவிடும். இதற்குத் துத்தநாகம் அதிகமுள்ள 20W-50 ஆயில் வேண்டும், இன்றைய மெல்லிய ஆயில் ஆகாது. சூடான ஓட்டத்தில் 50 முதல் 80 பிஎஸ்ஐ அழுத்தம் இருக்கட்டும். நீண்ட வளைவில் முள் சரிந்து நேர்ப்பாதையில் ஏறினால், ஆயில் சம்பின் (எஞ்சின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) ஒரு பக்கம் ஒதுங்கி பம்பு காற்றை உறிஞ்சுகிறது என்று அர்த்தம். சம்பில் தடுப்புத் தகடு வைக்காமல் இன்னொரு சுற்று போகாதீர்கள்.

இரட்டை எஸ்.யு. கார்புரேட்டரில் த்ராட்டில் ஸ்பிண்டில் தேய்ந்திருந்தால் காற்று கசிந்து கலவை மெலியும், பிஸ்டன் கருகும். ஸ்பிண்டிலைச் சரிசெய்யாமல், பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஊசியை மாற்றிப் பயனில்லை. 1967 கடைசி வரை வந்த கார்களில் பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்திருக்கும்) என்பதை எலக்ட்ரானிக் இக்னிஷன் வாங்கும்போது பாருங்கள். மொத்த இக்னிஷன் டைமிங்கை 32 டிகிரிக்கு அருகில் தொடங்குங்கள், டைனோ (எஞ்சின் திறனை அளக்கும் இயந்திரம்) சொல்வதைக் கேட்டு நகருங்கள்.

கிளட்ச் ரிலீஸ் பேரிங் இதில் பால் பேரிங் இல்லை, கார்பன் வளையம். பந்தயம் தொடங்கும் வரிசையில் நிற்கும்போது கியர் போட்டுக் கிளட்சை மிதித்தபடி காத்திருந்தால் பொடியாகித் தேய்ந்துவிடும். நியூட்ரலில் நில்லுங்கள்.

சக்கரமும் பிரேக்கும்

முன் சக்கர பேரிங்குகளுக்கு இடையே ஸ்டப் ஆக்ஸிலில் (சக்கரம் சுழலும் குட்டை அச்சு) ஒரு ஸ்பேசர் இருக்கிறது. "எதற்கு இது, டைட் செய்தால் போதும்" என்று பலர் தூக்கி எறிகிறார்கள். அந்த ஸ்பேசரே நட்டின் இறுக்கத்தைத் தாங்கி ஆக்ஸிலை விறைப்பாக வைக்கிறது. அது இல்லாமல் வளைவில் ஸ்டப் ஆக்ஸில் வளைந்து வளைந்து முறியும். ஷிம் (மெல்லிய வளையத் தகடு) கூட்டிக் குறைத்து எண்ட் ஃப்ளோட்டை 0.05–0.10 மிமீக்குக் கொண்டு வாருங்கள். கம்பிச் சக்கரம் அழகுதான், ஆனால் ஹப்பின் ஸ்ப்ளைன் பற்களின் தேய்மானத்தையும் ஸ்போக்கையும் ஒவ்வொரு பந்தயத்துக்கும் பார்க்க வேண்டும். போல்ட் போடும் சக்கரத்துக்கு மாற விதி அனுமதித்தால் மாறிவிடுங்கள்.

முன் லீவர் டேம்பரே (நெம்புகோல் வகை ஷாக் அப்சார்பர்) சஸ்பென்ஷனின் மேல்கையாகவும் வேலை செய்கிறது. அதன் பேரிங் தேய்ந்தால் கேம்பர் (சக்கரத்தின் சாய்வு) வளைவில் தானே மாறும். சக்கரத்தின் மேல்பாகத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தால் தெரியும். கேம்பர் நெகட்டிவ் 1 முதல் 1.5 டிகிரி நல்ல தொடக்கம். பின்பக்கத்தை அளவுக்கு மீறி இறக்கினால் ஆக்ஸில் பம்ப் ரப்பரில் முட்டி, கார் சறுக்கலில் திடீரென விட்டுவிடும்.

பிரேக்கில் பழைய ரப்பர் ஹோஸ் ஒன்றைக்கூட விடாதீர்கள். ஃப்ளூயிட் டாட் 4 போதும், சிலிகான் டாட் 5 வேண்டாம். சூட்டில் பெடல் பஞ்சாகும். பின் ஹப் ஆயில் சீல் கசிந்து டிரம்மில் எண்ணெய் இறங்குவது எம்.ஜி.பி.யில் சகஜம், ஒரு பக்கம் பிரேக் பிடிக்காமல் போனால் முதலில் அங்கே பாருங்கள்.

மீதி எல்லாம் ஸ்க்ரூட்டினிக்காக (பந்தயத்துக்கு முன் நடக்கும் பாதுகாப்புச் சோதனை): பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச் வெளியிலிருந்து எட்டும்படி, காலாவதியாகாத பந்தய சீட் பெல்ட்டான ஹார்னெஸ் (எஃப்.ஐ.ஏ. லேபிளில் ஆண்டு இருக்கும்), தீயணைப்பான், வெளியேறும் ஆயிலைப் பிடிக்கும் 2 லிட்டர் கேட்ச் டேங்க், இரட்டை த்ராட்டில் ஸ்பிரிங், இழுவைக் கொக்கி, மழை விளக்கு.

முதல் சோதனை ஓட்டத்தில் நான்கைந்து சுற்றுக்கு மேல் போகாமல் பிட்டுக்கு வாருங்கள். எஞ்சின் சூடாயிருக்கும்போதே டயர் அழுத்தம் பாருங்கள், சக்கர நட்டுகளை மறுபடி இறுக்குங்கள், பிளக்குகளைக் கழற்றி நிறம் பாருங்கள்: வெண்மை என்றால் கலவையில் பெட்ரோல் குறைவு, கறுப்பு என்றால் அதிகம். ஹெட் நட்டுகளையும் டாப்பெட்டையும் மறுபடி பார்ப்பது எஞ்சின் முழுதாக ஆறிய பிறகு.