மழைக் கணக்கு எங்கே இடித்தது

2024 ஃபெஞ்சல் புயல் மழையைத் தேதிவாரியாகக் குறித்துவைக்க நினைத்தேன். நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரியில் கொட்டித் தீர்த்தது எல்லோருக்கும் தெரியும். ஆனால் வானிலை ஆய்வு மையத்தின் மழைப் பட்டியலில் டிசம்பர் 1-க்கு நேராகத்தான் பெரிய எண். வாட்ஸ்அப்பில் சுற்றிய மழை அளவுப் படத்தில் தேதியே இல்லை. அதை நம்பி ஒரு வரியும் எழுத முடியாது.

ஆய்வு மையத்தின் அதே பட்டியலில், தலைப்புக்குக் கீழே பொடி எழுத்தில் விடை கிடைத்தது. காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை பெய்த மழை, முடிகிற நாளின் கணக்கில்தான் சேரும். சரி, தேதி தீர்ந்தது. அப்புறம் அலகு: ஒரு செய்தியில் மில்லிமீட்டர், இன்னொன்றில் சென்டிமீட்டர். பத்தால் வகுத்ததும் ஒத்துப்போனது.

இப்போது என் எக்செல் தாளில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ‘எந்த நேரம் வரை’ என்று ஒரு கட்டம். கடலூர் மச்சான் கேட்டால் அதையும் சேர்த்தே அனுப்புகிறேன்.