சாரல் காலத்துக்கு ஒரு சிறிய கேமரா: பார்த்து வாங்குவதும் பழகி எடுப்பதும்

ஆனி பிறந்து சாரல் இறங்கியதும் குற்றாலத்துக்கும் பாலருவிக்கும் கூட்டம் வரத் தொடங்கிவிடும். செங்கோட்டையில் குடியிருக்கும் என்னிடம், குறைந்த விலையில் ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா வாங்கினால் போதுமா, எதை வாங்கலாம் என்று உறவினர்கள் கேட்பதும் அந்த நாட்களில்தான். நல்ல கைபேசி இருந்தால், மங்கிய வெளிச்சத்தில் அது சின்ன கேமராவைவிடத் தெளிவாகவே எடுக்கும். அதை ஒப்புக்கொண்டுதான் தொடங்க வேண்டும். ஆனால் தொலைவில் இருப்பதை லென்ஸே இழுத்துக் காட்டும் ஆப்டிகல் ஜூமும், இருட்டில் பளிச்சென்று அடிக்கும் உண்மையான ஃபிளாஷும் விலை குறைந்த கைபேசிகளில் பெரும்பாலும் இல்லை. அந்த இரண்டும் தேவைப்படுகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

கடையில் முதலில் சொல்லப்படுவது மெகாபிக்சல் கணக்கு. அதை நம்பி முடிவெடுக்க வேண்டாம். நாம் வழக்கமாகப் போடும் 4க்கு 6 அங்குலப் படத்துக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தாலும், ஏறக்குறைய 2 மெகாபிக்சல் போதும். ஏ4 தாள் முழுவதும் அச்சிட 9 மெகாபிக்சலுக்குள் வேலை முடிந்துவிடும். 16 என்றாலும் 20 என்றாலும் நம் தேவைக்கு மிகுதிதான். படத்தின் தரத்தைத் தீர்மானிப்பது, அத்தனை புள்ளிகளும் எவ்வளவு இடத்தில் அடைக்கப்பட்டிருக்கின்றன என்பதே. விலை குறைந்த கேமராக்களில் பெரும்பாலும் இருக்கும் 1/2.3 அங்குல வகை சென்சாரின் (வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சில்லு) அளவு ஏறத்தாழ 6.2 மி.மீ.க்கு 4.6 மி.மீ. மட்டுமே, சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. விலை கூடிய சின்ன கேமராக்களில் வரும் 1 அங்குல வகை சென்சார் 13.2 மி.மீ.க்கு 8.8 மி.மீ.; பரப்பில் அது நான்கு மடங்கு. ஆகவே குறைந்த விலைக் கேமராவுக்கு வெளிச்சம்தான் உணவு. அதை எப்படிக் குறையாமல் ஊட்டுவது என்பதை அறிந்துகொண்டால், மற்ற எல்லாம் தானாகப் புரியும்.

அதற்கு லென்ஸைச் சுற்றி அச்சிட்டிருக்கும் எண்களைப் படிக்கப் பழக வேண்டும். 2017இல் வந்த கேனான் இக்ஸஸ் 185ஐ எடுத்துக்கொள்வோம். 8 மடங்கு ஜூம் உள்ள அதன் லென்ஸில் எஃப் 3.2 முதல் 6.9 வரை என்று இருக்கும். அகலமாக எடுக்கும்போது 3.2, முழுவதும் இழுத்தால் 6.9. எண் கூடக் கூட லென்ஸின் வாய் சுருங்குகிறது. முழு ஜூமில் உள்ளே வரும் வெளிச்சம் கால்பங்குக்கும் குறைவாகிவிடுகிறது. அகலத்தில் நொடியின் 60இல் ஒரு பங்கில் எடுபடும் படம், அதே ஐஎஸ்ஓ அளவில் (வெளிச்சத்துக்கு கேமரா காட்டும் உணர்திறன்) முழு ஜூமில் ஏறக்குறைய 13இல் ஒரு பங்கு நேரம் கேட்கும். அவ்வளவு நேரம் கை அசையாமல் யாராலும் நிற்க முடியாது. இதனால்தான் கை நடுக்கத்தை லென்ஸுக்குள்ளேயே ஈடுகட்டும் ஆப்டிகல் ஸ்டெபிலைசர் இருக்கிறதா என்று கேட்டு வாங்கச் சொல்கிறேன். இக்ஸஸ் 185இல் அது கிடையாது. அதனோடு வந்த இக்ஸஸ் 190இல் உண்டு. சோனி டபிள்யூ 800இல் கிடையாது. டபிள்யூ 830இல் உண்டு. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் இந்த இணைகளில், சற்றுக் கூடுதல் பணம் கொடுத்தாவது ஸ்டெபிலைசர் உள்ளதை வாங்குவதே என் தீர்ப்பு. டிஜிட்டல் ஜூமை மெனுவுக்குள் போய் முதல் நாளே அணைத்துவிடுங்கள்; அது எடுத்த படத்தையே வெட்டிப் பெரிதாக்குகிறது, வேறொன்றும் செய்வதில்லை.

இந்தக் கேமராக்கள் இப்போது பெரும்பாலும் பழையதாகவே கிடைக்கும் என்பதால், வாங்கும்போது சோதிக்கத் தவறாதீர்கள். லென்ஸ் வெளியே வந்து உள்ளே போகும்போது கரகரவென்று சத்தம் கேட்டால் உள்ளே மணல் புகுந்திருக்கிறது என்று பொருள். வெறும் வானத்தை முழு ஜூமில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். சென்சாரில் தூசி இருந்தால் சாம்பல் நிறப் புள்ளியாகத் தெரியும். பிறகு டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்து லென்ஸுக்குள் பூஞ்சணம் படர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எடுக்கும் முறைக்கு வருகிறேன். புளியரை தாண்டி, எஸ் வளைவு ஏறி, ஆரியங்காவு வழியாகப் புனலூர் போகும் சாலையில் கழுதுருட்டி அருகே பதிமூன்று கண் ரயில் பாலம் நிற்கிறது. 1904இல் ரயில் ஓடத் தொடங்கிய அந்த ரயில் பாதை அகலப் பாதையாக மாற்றப்பட்டு 2018இல் மீண்டும் திறக்கப்பட்டது. பாலத்தின் மேல் ரயிலைப் படம்பிடிக்க நிற்காத பயணி குறைவு. பலருக்கும் கிடைப்பது எஞ்சின் கடந்துபோன வெறும் பெட்டிகள்தான். காரணம், பொத்தானை ஒரேயடியாக அழுத்தினால் கேமரா முதலில் ஃபோகஸ் தேடிவிட்டுத்தான் எடுக்கும். ரயில் வரும் முன்பே பாலத்தின் கல்தூண் ஒன்றைக் குறிவைத்துப் பொத்தானைப் பாதி அழுத்துங்கள். பச்சைக் கட்டம் தோன்றும். விரலை எடுக்காமல் அப்படியே பிடித்திருந்து, எஞ்சின் நீங்கள் நினைத்த கண்ணுக்கு மேல் வந்ததும் மீதியை மெல்ல அழுத்தினால் படம் உடனே விழும்.

அருவியில் வேறொரு சிக்கல் உண்டு. சுற்றிலும் கறுத்த பாறை இருப்பதால் கேமரா காட்சி இருட்டு என்று எண்ணி வெளிச்சத்தைக் கூட்டிவிடும். விழும் தண்ணீர் வெறும் வெள்ளைத் துணிபோல ஆகிவிடும். பி (புரோகிராம்) முறையில் வைத்து, கூட்டல் கழித்தல் குறியுள்ள எக்ஸ்போஷர் அமைப்பை, அதாவது படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பதை, கழித்தல் 2/3 என்ற குறிக்குக் கொண்டுவந்தால் நீரின் இழைகள் தனித்தனியாகத் தெரியும். ஐஎஸ்ஓவை 100 அல்லது 200க்குள் நிறுத்துங்கள். 800ஐத் தாண்டினால் முகங்களில் மணல் தூவியதுபோல் புள்ளி வரும். குளிப்பவர்கள் பக்கம் கேமராவைத் திருப்பாமல், அருவியின் மேல்பாதியை மட்டும் எடுப்பதே மரியாதை.

இரவில் கோயில் கொடைக்கும் கல்யாண வீட்டுக்கும் ஃபிளாஷ் உதவும், ஆனால் அதன் வெளிச்சம் எட்டுவது ஏறக்குறைய 3 மீட்டர்தான். ஜூம் போடாமல், நடந்து பக்கத்தில் போய் எடுங்கள். பேட்டரி 200 படத்தைச் சுற்றி ஓய்ந்துவிடும் என்பதால் இன்னொன்று பையில் இருக்கட்டும். மிகப் பழைய மாடல் என்றால், 2 ஜிபிக்கு மேற்பட்ட மெமரி கார்டை ஏற்கிறதா என்று கடையிலேயே போட்டுப் பாருங்கள்.

ஈரம்தான் எங்கள் பக்கத்துப் பெரிய பகை. என் முதல் கேமராவை ஓர் ஆடி மாதம் ஐந்தருவிக்குக் கொண்டுபோய், லென்ஸில் சாரல் படிந்திருந்தபோதே அணைத்துவிட்டேன். லென்ஸ் அந்த ஈரத்தையும் உள்ளே இழுத்துக்கொண்டது. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் ஓரத்தில் சிலந்தி வலைபோல் பூஞ்சணம்; பழுது பார்ப்பவர், லென்ஸை மாற்றும் செலவில் வேறு கேமரா வாங்கலாம் என்று சொல்லிவிட்டார். அது எனக்கு இன்றும் மனக்குறைதான். எனவே நனைந்தால் அணைக்கும் முன் லென்ஸ் குழாயைச் சுற்றி மென்மையான துணியால் ஒற்றி எடுங்கள். வீட்டுக்கு வந்ததும் பேட்டரியையும் கார்டையும் கழற்றிவிட்டு, மூடியைத் திறந்தபடியே மின்விசிறிக் காற்றில் இரவு முழுவதும் வையுங்கள். மறுநாள் காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு மூன்று சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு போட்டு மூடுங்கள். அரிசிக்குள் புதைக்க வேண்டாம். அதன் தவிடு லென்ஸ் இடுக்கில் ஏறிவிடும்.