சொதப்பிய சூப்பர்ஹீரோ இரண்டாம் பாகம்: எங்கே கோட்டை விட்டார்கள் என்று கண்டுபிடித்து எழுதுவது எப்படி?

"சிஜி (கணினி கிராஃபிக்ஸ்) கேவலம், வில்லன் வேஸ்ட், படம் ரொம்ப நீளம்." ஏமாற்றிய தொடர்ச்சிப் படங்களுக்கு வரும் விமர்சனங்களில் பாதி இந்த மூன்று வரியைத் தாண்டுவதில்லை. மூன்றுமே உண்மையாக இருக்கலாம். ஆனால் அவை வெளியே தெரியும் விளைவுகள். காரணம் பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்துக்குள் இருக்கும், சில சமயம் முந்தைய படத்தின் கடைசிக் காட்சியிலேயே இருக்கும்.

அதனால் வேலையை முதல் பாகத்திலிருந்து தொடங்குங்கள். முழுப் படமும் வேண்டாம், கடைசி இருபது நிமிடம் போதும். பார்த்து முடித்ததும் மூன்று வரி எழுதுங்கள்: நாயகனுக்கு என்ன வேண்டியிருந்தது, அது கிடைத்ததா, அதற்காக எதை இழந்தான். இரண்டாம் பாகத்தில் இந்த மூன்றும் என்ன ஆகின்றன என்பதுதான் உங்கள் முதல் கேள்வி. நாயகனுக்குப் புதிதாக ஒன்று வேண்டியிருந்தால் கதை நகரும். பழைய ஆசையையே மறுபடி கொடுத்தாலோ, பழைய இழப்பை ரத்து செய்தாலோ படம் தள்ளாடத் தொடங்கிவிடும்.

வொண்டர் வுமன் 1984 இதற்கு நல்ல பாடம். 2017இல் வந்த முதல் படத்தின் கனமே நாயகி டயானாவின் காதலர் ஸ்டீவ் உயிரைக் கொடுப்பதுதான். 2020இல் வந்த இரண்டாம் பாகம், ஆசையை நிறைவேற்றும் ஒரு கல்லை வைத்து அவரைத் திரும்பக் கொண்டுவருகிறது, அதுவும் வேறொரு மனிதரின் உடலுக்குள். நாம் பார்ப்பது ஸ்டீவின் முகம். கண்ணாடியில் மட்டும் அந்த மனிதரின் முகம் தெரிகிறது. அவருடைய வீடு, வேலை, சம்மதம் பற்றியெல்லாம் படம் கவலைப்படுவதே இல்லை. ஆசைக்கு விலையாக டயானாவின் சக்தி குறைகிறது என்பது உண்மையில் நல்ல யோசனை. ஆனால் மேலே சொன்ன ஓட்டை பார்வையாளர் மனத்தில் உறுத்திக்கொண்டே இருக்கும்போது அந்த யோசனை எடுபடவில்லை. "லாஜிக் இல்லை" என்று ஒரே வார்த்தையில் முடிக்காமல், எந்தக் கேள்வியைப் படம் கேட்கத் தவறியது என்று எழுதினால் வாசகருக்குப் புரியும்.

இரண்டாம் பாகத்தை இரண்டு முறை பார்க்க வேண்டும். முதல் முறை குறிப்பு எடுக்காதீர்கள். கவனம் எங்கே கலைந்தது என்பதை மட்டும் நினைவில் வைத்து, வெளியே வந்ததும் எழுதிவிடுங்கள். இரண்டாவது முறை ஓடிடியில், நிறுத்தி நிறுத்தி. ஒரு தாளில் நான்கு நெடுவரிசை போடுங்கள்: நேரம், காட்சியில் யார், காட்சி முடிவில் என்ன மாறியது, இது எந்தப் படத்துக்கான காட்சி. நான்காவது நெடுவரிசைதான் முக்கியம். இந்தப் படத்துக்கானதா, முந்தைய படத்தை விளக்கவா, அடுத்த படத்துக்கு விளம்பரமா? அடுத்த படத்துக்கான காட்சிகளைக் கூட்டிப் பாருங்கள். எங்கள் கணக்கில் அது பத்து நிமிடத்தைத் தாண்டினாலே படம் தன் கதையை இழக்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். (படம் முடிந்தபின் எழுத்துகளுக்கு நடுவே வரும் காட்சிகளை இதில் சேர்க்காதீர்கள்.) மூன்றாவது நெடுவரிசை தொடர்ந்து மூன்று காட்சிகளுக்குக் காலியாக இருந்தால், உங்கள் கவனம் கலைந்த இடம் அநேகமாக அதுவே.

அடுத்து வில்லன் கணக்கு. எத்தனை வில்லன் என்பது பிரச்சினையே இல்லை. ஒவ்வொருவருக்கும் ஆசை பிறந்த நிமிடத்துக்கும் நாயகனோடு முதல் மோதல் நடக்கும் நிமிடத்துக்கும் இடையே எவ்வளவு இடம் கொடுத்தார்கள் என்று பாருங்கள். 2007இல் வந்த ஸ்பைடர்மேன் 3இல் மூன்று பேர். அதில் வெனம் முழு உருவம் எடுப்பதே படத்தின் இறுதிப் பகுதியில்தான். கோபம் வளர நேரமில்லாமல் நேராகச் சண்டைக்கு வந்துவிடுகிறார். 2014இல் வந்த தி அமேசிங் ஸ்பைடர்மேன் 2 இன்னொரு வகை. டிரெய்லரில் ரைனோ என்ற வில்லனைக் காட்டினார்கள். படத்திலோ அந்தக் கவசத்தோடு அவர் வருவது முடிவில் மட்டும். ஸ்பைடர்மேன் சாக்கடை மூடியைச் சுழற்றி வீசுவதோடு திரை இருண்டுவிடுகிறது. இங்கே ஏமாற்றத்தில் ஒரு பங்கு விளம்பரத்துடையது. அதைத் திரைக்கதையின் தலையில் கட்டாதீர்கள்.

எடிட்டிங் மேசையில் நடந்த வெட்டு ஒட்டு வேலையும் கொஞ்சம் பழகினால் கண்ணில் படும். முக்கியமான தகவலைப் பாத்திரம் முதுகைக் காட்டிக்கொண்டு சொல்கிறதா? வசனம் பின்னால் டப்பிங்கில் ஏற்றப்பட்டிருக்கலாம். ஒரே உரையாடலுக்குள் தலைமுடி மாறுகிறதா, விக் மாதிரித் தெரிகிறதா? பின்னால் மறுபடி எடுத்த காட்சியாக (ரீஷூட்) இருக்கலாம். முதல் அரை மணியில் பில்டப் கொடுத்த பாத்திரம் பிறகு காணாமல் போகிறதா? வெட்டப்பட்ட கிளைக்கதை. நாயகன் அறியாத விஷயங்களை டிவி செய்தி வாசிப்பவர் திரும்பத் திரும்பச் சொல்கிறாரா? நடுவில் விடுபட்ட பாலத்தை அங்கே ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். இவை அனைத்தும் ஊகங்கள். "போலத் தெரிகிறது" என்று எழுதுங்கள், "ஸ்டுடியோ தலையிட்டது" என்று தீர்ப்பு எழுதாதீர்கள்.

சிஜி பற்றி எழுதும்போது "பொம்மை மாதிரி" என்று நிறுத்தாமல் மூன்று இடத்தைப் பாருங்கள்: முடியின் ஓரம், காலடி நிழல், தரையில் இறங்கும்போது உடலின் கனம். முகத்தின் மேல் விழும் வெளிச்சம் பின்னணி வெளிச்சத்தோடு ஒத்துப்போகிறதா என்பதும் முக்கியம். காரணத்தைக் கலைஞர்களின் திறமையில் தேடுவது பெரும்பாலும் தவறு. நேரமும் பணமும்தான் காரணமாக இருக்கும். 1987இல் வந்த நான்காவது சூப்பர்மேன் படத்தின் பட்ஜெட்டைப் பாதியாகக் குறைத்தார்கள். பறக்கும் ஷாட் ஒன்றே திரும்பத் திரும்ப வருவதை யாரும் கண்டுபிடிக்கலாம். ஆன்ட்மேன் வரிசையின் மூன்றாவது படம் 2023 ஜூலையில் வரவேண்டியது, முன்கூட்டியே பிப்ரவரிக்கு இழுக்கப்பட்டது. கிராஃபிக்ஸ் நிறைந்த படத்துக்கு ஐந்து மாதம் என்பது சின்ன விஷயமில்லை.

வசூல் எண்கள் வேண்டுமானால் ஒரு பத்தியோடு நிறுத்துங்கள். டிக்கெட் பணத்தில் ஏறக்குறைய பாதி தியேட்டர்களுக்குப் போய்விடும், விளம்பரச் செலவு தனி. எனவே பட்ஜெட்டைப் போல இரண்டரை மடங்கு வந்தால்தான் கையைக் கடிக்காது என்பது பொதுவான கணக்கு. ரசிகர்கள் கைவிட்டார்களா என்பதைச் சொல்வது, முதல் வார இறுதியைவிட இரண்டாம் வார இறுதியில் வசூல் எவ்வளவு சரிந்தது என்பதுதான். 50 முதல் 60 சதவீதம் இறங்குவது இந்த வகைப் படங்களுக்குச் சகஜம். 2024இல் வந்த இரண்டாவது ஜோக்கர் படம் அமெரிக்காவில் சுமார் 80 சதவீதம் சரிந்தது. முதல் பாகம் உலகம் முழுக்க 100 கோடி டாலரைத் தாண்டிய படம். ஆனால் வசூல் குறைவு என்பதற்காகப் படம் மோசம் என்று ஆகிவிடாது.

எழுதுவதற்கு முன் ஒரு சோதனை. நீங்கள் கண்டுபிடித்த குறையைச் சரிசெய்து கதையை ஐந்து வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். அப்போதும் கதை நிற்கவில்லையென்றால் நீங்கள் பிடித்தது மூல காரணம் இல்லை. தாளில் போட்ட நான்காவது நெடுவரிசைக்குத் திரும்புங்கள்.

கட்டுரை 600 முதல் 800 வார்த்தை போதும். முதல் பத்தியிலேயே மூல காரணத்தைச் சொல்லிவிடுங்கள். ஆதாரத்துக்கு இரண்டு காட்சிகளை விரிவாக எடுங்கள், பத்துக் காட்சிகளின் பட்டியல் யாருக்கும் உதவாது. நன்றாக வந்த ஒன்றையாவது காரணத்தோடு எழுதுங்கள். ஸ்பாய்லர் எச்சரிக்கை முதல் வரிக்கு மேலே இருக்கட்டும். நீங்கள் பார்த்த வடிவம் எது, எத்தனை நிமிடம் என்பதையும் அங்கேயே குறிப்பிடுங்கள். ஸ்பைடர்மேன் 3க்கே 2017இல் வேறொரு எடிட் வெளியானது. நீங்கள் இல்லை என்று சொல்லும் காட்சியை வாசகர் அதில் பார்த்திருக்கலாம்.