கம்பளி வாங்கும் முன்: குமரி மாவட்டக் குழந்தைகள் இல்லங்களுக்குப் போவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் வந்ததும் உதவிக் குழுக்களுக்கு முதலில் தோன்றுவது கம்பளி. குமரி மாவட்டத்தில் அதுவே முதல் தவறு. நாகர்கோவில், குளச்சல் பக்கம் மார்கழி விடியலில்கூட வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். பேச்சிப்பாறை, கீரிப்பாறை போன்ற மலையோர ஊர்களில் சற்றுக் கூடுதலாகக் குளிரும். மற்றபடி இங்கே பிள்ளைகளை வாட்டுவது ஈரம். ஐப்பசியில் பிடிக்கும் மழை மார்கழிவரை விட்டுவிட்டுப் பெய்கிறது. துவைத்தது காயாது, சிமென்ட் தரை சில்லிட்டுக் கிடக்கும், கோரைப்பாயில் கரும்பூசணம் விழும். கனத்த கம்பளியை ஒருமுறை நனைத்துவிட்டால் நாள்கணக்கில் ஈரம் போகாது. ஈரத்தோடு மடித்து வைத்தால் நாற்றம் வரும், அதைப் பிள்ளைகள் போர்த்த மாட்டார்கள்.

ஆளுக்கு இரண்டு கெட்டியான பருத்திப் போர்வை கொடுங்கள். ஒன்று கொடியில் காயும்போது மற்றொன்று உடம்பில் இருக்கும். தரையில் படுக்கும் பிள்ளைகளுக்குப் பிளாஸ்டிக் பாய் நல்லது, துடைத்தால் காய்ந்துவிடும். ஒவ்வொரு போர்வையின் ஓரத்திலும், துண்டிலும் நூலால் ஓர் எண்ணைத் தைத்துக் கொடுப்பது சின்ன வேலைதான், ஆனால் பெரிய பயன். போர்வையும் துண்டும் கைமாறும் இடத்தில் சிரங்கு ஒரு பிள்ளையிடமிருந்து அறை முழுக்கப் பரவும். பிறகு எல்லோருக்கும் ஒரே நாளில் மருந்து பூசி, எல்லாத் துணியையும் வெந்நீரில் துவைக்க வேண்டிவரும். மழைக்காலத்தில் அதைச் செய்து பார்த்த வார்டனுக்குத்தான் அதன் பாடு தெரியும். பழைய போர்வை கொடுப்பதானால் வீட்டிலேயே வெந்நீரில் துவைத்து, நன்றாக உலர்த்திக் கொண்டுபோங்கள்.

எல்லோரும் மறந்துவிடுவது உள்ளாடையை. இரண்டே ஜோடி வைத்திருக்கும் பிள்ளை மழைநாளில் ஈரத்தோடு அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகிறது. இடுப்பிலும் தொடையிடுக்கிலும் படர்தாமரை வருவது அப்படித்தான். ஸ்வெட்டருக்கு ஆகும் காசை ஆளுக்கு நான்கு ஜோடி உள்ளாடை, கொடிக்கயிறு, கிளிப், குடை என்று செலவிடுங்கள். அளவைக் குத்துமதிப்பாக எடுக்காதீர்கள். ‘10 வயசு’ என்று கடையில் சொல்லி வாங்கினால் பாதி பொருந்தாது. வார்டனிடம் 24, 26, 28 என்று அளவுவாரியாக எத்தனை பேர் என்று எழுதி வாங்குங்கள். பெண்பிள்ளைகள் இல்லமானால் நாப்கின் கணக்கையும் சேர்த்துக் கேளுங்கள். ஒருவருக்கு மாதம் 15 என்று வைத்தால், 20 பேருக்கு 300 வேண்டும். அதைத் தனிப் பையில் கட்டி, அங்குள்ள அக்காவிடமோ சிஸ்டரிடமோ கொடுங்கள். எல்லோர் முன்னாலும் பிரித்துக் காட்ட வேண்டாம்.

அடுத்தது தேதி. டிசம்பர் 20 முதல் 25 வரை ஒரே இல்லத்துக்கு நாலைந்து குழுக்கள் வருவதுண்டு. கிறிஸ்துமஸ் கேக் அடுக்கடுக்காகச் சேரும்; ஃபிரிட்ஜில் இடமில்லாமல் கிரீம் கேக் கெட்டுப்போகும். பிப்ரவரியில் அதே வீட்டில் தேங்காய் எண்ணெய்க்குத் திண்டாட்டம். டிசம்பர் நடுவில் அரையாண்டுத் தேர்வு வேறு நடக்கும். மாலை 5 முதல் 7 வரை படிக்க வேண்டிய பிள்ளைகளை வரிசையில் உட்காரவைத்து, பாட்டுப் பாடச் சொல்லி, ஆடச் சொல்லி நேரத்தை எடுக்காதீர்கள். விடுமுறை தொடங்கியதும் பெற்றோரில் ஒருவரோ உறவினரோ உள்ள பிள்ளைகள் ஊருக்குப் போய்விடுவார்கள். யாரும் வந்து அழைக்காத ஐந்தாறு பேர் மட்டும் மிஞ்சுவார்கள். கூட்டமில்லாத அந்த நாட்களில் இரண்டே பேர் ஒரு கேரம் போர்டோடு போய் உட்கார்ந்திருந்தால் அது பெரிய உதவி.

சாப்பாடு கொண்டுபோவதானால் இரண்டு நாள் முன்பே சொல்லுங்கள். சொல்லாமல் போனால் சமைத்து வைத்த சோறு வீணாகும். காலை 10 மணிக்கு இறக்கிய பிரியாணியை அண்டாவில் மூடிவைத்து, பேச்சும் படமும் முடித்து 2 மணிக்குப் பரிமாறுவதுதான் வயிற்றுப்போக்குக்கு வழி. ஆவி பறக்காத சோற்றில் கிருமி வேகமாகப் பெருகும். இறக்கி இரண்டு மணி நேரத்துக்குள் பரிமாறிவிட வேண்டும். பழமானால் மட்டி வாழையோ செவ்வாழையோ தாராளமாகக் கொடுங்கள். தானே உரித்துத் தின்னலாம், கெடுதல் இல்லை.

அரிசி வாங்கும் முன் எந்த அரிசி என்று கேளுங்கள். இங்கே பல சமையலறைகளில் புழுங்கல்தான், சிலவற்றில் சம்பா. பச்சரிசி மூட்டை இறக்கினால் பொங்கல்வரை அப்படியே கிடக்கும். ஒரு பிள்ளைக்கு நாளுக்கு 350 கிராம் என்று வைத்தால் 40 பேருக்கு 14 கிலோ. ஒரு 26 கிலோ மூட்டை இரண்டு நாளைக்கே வராது. பத்து மூட்டையை மழைமாதத்தில் ஒன்றாக இறக்கினால் ஈரமேறி வண்டு விழும். மாதம் இரண்டு மூட்டையாகப் பிரித்துக் கொடுப்பது நல்லது, மூட்டைக்கு அடியில் பலகை இருக்கிறதா என்றும் பாருங்கள். வண்டிக்குத் தார்ப்பாய் வேண்டும். குழித்துறை சப்பாத்தில் (ஆற்றைக் கடக்கும் தாழ்வான பாலம்) வெள்ளம் ஏறியிருந்தால் சுற்றித்தான் போக வேண்டும், அதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.

படம் எடுக்கும் விஷயத்தில் கெஞ்சிக் கேட்கிறோம். இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74 பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளையின் பெயர், பள்ளி, படம் எதையும் வெளியிடக்கூடாது என்கிறது. ஆறு மாதம்வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் வெளியீடுதான். கணக்குக் காட்ட வேண்டுமென்றால் மூட்டைகளைப் படம் எடுங்கள். ‘அநாதைக் குழந்தைகளுக்கு உதவி’ என்று ஃபிளெக்ஸ் அடித்துக் கொண்டுபோகாதீர்கள். அங்குள்ள பலருக்கு அம்மா உண்டு, அந்தப் பலகையை வாசிக்கவும் தெரியும். ‘அப்பா என்ன ஆனார் மக்களே?’ என்று பாசமாகக் கேட்பதும் புண்ணைக் கிளறுவதே. பள்ளி, விளையாட்டு, பிடித்த கறி என்று பேச எவ்வளவோ இருக்கிறது.

போகும் முன் இல்லம் அதே சட்டத்தின் பிரிவு 41-ன்கீழ் பதிவானதா என்று மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரியுங்கள். உள்ளே அடி, பட்டினி போன்ற எதையாவது கண்டால் அங்கேயே சண்டை போடாமல் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். நன்கொடைக்கு உண்டான வருமான வரிக் கழிவு (80ஜி என்பார்கள்) பொருளுக்குக் கிடையாது. பணமாகக் கொடுத்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் கிடைக்காது. காசோலையிலோ வங்கி வழியாகவோ கொடுங்கள்.

கிளம்பும்போது ‘போயிட்டு வாறோம்’ என்பது நமக்குப் பழக்கச்சொல். வாசலில் நிற்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கு அது வாக்கு. அடுத்த ஞாயிறு சாயா நேரத்தில் அந்தப் பிள்ளை வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் நிற்கும். வரும் தேதி உறுதியானால் அதை வார்டனிடம் சொல்லி நாட்காட்டியில் குறிக்கச் சொல்லுங்கள். உறுதியில்லை என்றால் ‘நல்லாப் படிங்க மக்களே’ என்று சொல்லிவிட்டு வண்டி ஏறுங்கள்.